மஞ்சள் சட்டைக்காகப் போட்ட கூச்சல்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவனும், உங்கள் வீட்டில் "அந்த டெய்லர்" என்ற பெயரில் வழங்கப்படுபவனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, உங்கள் மருமகள், அவள் ஏறுகிற குதிரை ஆகிய எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும், உங்கள் பெயிண்ட் கடையும், கடைக்குள் அடுக்கியிருக்கும் டப்பாக்களும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பி.காம். படித்த பெண்ணைக் குதிரை மேல் ஏற்றிவிட்டுக் கீழே நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறாயே, நீயெல்லாம் ஒரு தகப்பனா என்றும், வருகிற சனிக்கிழமை நானே வந்து அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் கடைக் கணக்கு எழுத உட்கார வைக்கிறேன் என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் தங்கை அதை எனக்குப் படித்துக் காட்டினாள். என்னைத் திட்டியிருக்கும் இடங்கள் வந்தபோது மட்டும், சரியாகக் கேட்டதா என்று சந்தேகப்பட்டு இரண்டு தடவை படித்தாள். மச்சான், உங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து வர வேண்டாம். ஏன் வர வேண்டாம் என்று சொல்லத்தான் இத்தனை தாள்.

முதலில் என் ராசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது. நான் குதிரை மேல் காசு கட்டுகிறவன் அல்ல. வாயைக் கட்டாமல் விட்டதுதான் தப்பு. என் கடைக்கு அடுத்தது சலூன். சலூன்காரர் சனிக்கிழமை ஆனால் பேப்பரில் ரேஸ் பக்கத்தை விரித்துப் போட்டுக்கொண்டு, எந்தக் குதிரை போன தடவை எப்படி ஓடியது, எவ்வளவு எடை சுமக்கிறது, ஈரத் தரையில் ஓடுமா, எந்த ஜாக்கி ஏறுகிறார் என்று, நாற்காலியில் உட்கார்ந்தவர் முகத்தில் சோப்பு காய்ந்து உதிர்கிற வரைக்கும் ஆராய்ச்சி செய்வார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "டெய்லர், நீங்களும் ஒண்ணு சொல்லுங்களேன்" என்றார். எனக்கு எடையும் தெரியாது தரையும் தெரியாது. ஆனால் இந்த வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைத்தவன், ஆளைப் பார்த்தே அளவு சொல்கிற கண். படத்தைப் பார்த்தேன். "இதுக்குத் தோள் நல்ல அகலம், இடுப்பு சின்னது, கால் நீளம். இதுதான்" என்றேன். அது கடைசியாக வந்தது. அடுத்த வாரம் நான் சொன்ன குதிரை பாதி வழியில் நின்று புல் மேய்ந்தது. அதற்கடுத்த வாரம் சொன்னது கதவு திறந்த பிறகும் கூண்டை விட்டு வெளியே வரவில்லை, ஜாக்கிதான் இறங்கி நடந்து வந்தார். ஒரு தடவை வம்புக்கென்றே ஓடுகிற எல்லாக் குதிரைகளின் பெயரையும் வரிசையாகச் சொல்லிவிட்டேன். மழை கொட்டோ கொட்டென்று கொட்டி அன்றைய ரேஸையே ரத்து செய்துவிட்டார்கள்.

அதிலிருந்து எனக்குத் தனி மவுசு வந்துவிட்டது மச்சான். துணி கொடுக்க வருகிறவர்களைவிட, எது ஜெயிக்கும் என்று என்னிடம் கேட்க வருகிறவர்கள் அதிகம். நான் ஒரு பெயரைச் சொன்னதும் நன்றி சொல்லி, அந்தப் பெயரை அடித்துவிட்டு, மிச்சத்தை வைத்துக்கொண்டு யோசிப்பார்கள். "டெய்லர் சாபம் விட்டாக்கூட அந்தக் குதிரை பொழச்சுக்கும், மனசார வாழ்த்துறாரு பாருங்க, அதைத்தான் தாங்க முடியல" என்பது சலூன்காரரின் விளக்கம். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். என் பெண் ஒரு குதிரை மேல் ஏறுவாள் என்று கண்டேனா.

அவள் ரேஸ் குதிரை லாயத்தில் சேர்ந்தது கணக்கு எழுதத்தான், சத்தியம். ஆனால் கணக்கு எழுதும் அறைக்கும் குதிரைகள் நிற்கும் இடத்துக்கும் நடுவில் இடுப்பளவு தடுப்பு ஒன்றுதான். குதிரைகள் தலையை நீட்டி இவள் எழுதுவதைப் பார்க்கும், இவள் தலையை நீட்டி அவை தின்பதைப் பார்ப்பாள். அப்படியே பழகி ஒரு நாள் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். பயிற்சியாளர் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு உடம்பு லேசு, கை மெத்தென்று இருக்கிறது, குதிரை வாயை இழுத்துப் புண்ணாக்க மாட்டாள் என்று பயிற்சி கொடுத்து, லைசென்சும் வாங்கிக் கொடுத்துவிட்டார். கொடுத்த குதிரைதான் சரியில்லை. பேப்பரில் அதன் பெயர் மின்னல்கொடி. லாயத்தில் அதைத் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கும். மற்ற குதிரைகளெல்லாம் பறக்கும்போது, அவற்றை வழியனுப்ப வந்த சொந்தக்காரர் மாதிரி இது பின்னாலேயே வரும். வேகப்படுத்த வேண்டும் என்று பயிற்சியாளர் செய்யாத வைத்தியம் இல்லை. கண்ணுக்கு மறைப்புக் கட்டினார், கழற்றினார், தீனியை மாற்றினார், மேட்டில் ஏற்றி இறக்கினார். தனியாக நின்று மனசு சோர்ந்திருக்கும் என்று துணைக்கு ஒரு ஆட்டைக் கொண்டுவந்து கட்டினார். இப்போது ஆடும் தூங்குகிறது.

கடைசியில் அவர் பொறுமை இழந்துவிட்டார். "இங்க பாரு பாப்பா, உன் மேல எனக்குக் குறை இல்ல. ஆனா குதிரைக்குச் சொந்தக்காரர் என் கழுத்துல உக்காந்திருக்காரு. வர்ற ஞாயிறு மொத மூணுக்குள்ள கொண்டு வா. இல்லன்னா இறங்கிக்க, வேற ஆளை ஏத்திக்கறேன். உன் கணக்கு நாற்காலி இருக்கவே இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்தவள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் என் கட்டிங் மேஜை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். துணி அழுக்காகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். "அப்பா, எனக்கு இது வேணும்ப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மச்சான், உங்களுக்கே தெரியும், கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால்கூட எதையும் கேட்காத பிள்ளை அது. பொம்மையைப் பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நடந்து வருகிற பிள்ளை. அது வாய் திறந்து வேண்டும் என்று கேட்டால் ஒரு தகப்பன் என்ன செய்வான். உதவி செய்வான். அங்கேதான் வினை பிடித்தது.

மறுநாள் பயிற்சியாளரே என் கடைக்கு வந்தார். அவருக்கு மீசை ஒதுக்குவது நம் சலூன்காரர், ஒதுக்கும்போது என் ராசியையும் ஒதுக்காமல் சொல்லியிருக்கிறார். வந்தவர் மரியாதையாக ஸ்டூலில் உட்கார்ந்து, "டெய்லர், ஞாயித்துக்கிழமை ரேஸ்ல எது வரும்னு நினைக்கிறீங்க?" என்றார். "என்ன சார் கேள்வி, என் பொண்ணு..." என்று ஆரம்பித்தேன். பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். கை முழுக்கக் குதிரை வாசனை. "வேணாம் டெய்லர், அந்தப் பேரை மட்டும் சொல்லாதீங்க. ராஜகம்பீரம்னு ஒரு குதிரை ஓடுது, எல்லாரும் அதுதான் ஜெயிக்கும்கறாங்க. நீங்களும் அதையே நினைங்க." சரி, ராஜகம்பீரம் என்றேன். "இப்படி இல்ல, மனசார." ராஜகம்பீரம் என்றேன். "உங்க முகத்துலயே தெரியுது, பொய்" என்று சொல்லிவிட்டு, பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். குதிரைக்கு மட்டும்தான் பயிற்சியாளர் என்று நினைத்தேன்.

பயிற்சி கொடுத்தது உங்கள் தங்கை. பேப்பரிலிருந்து ராஜகம்பீரத்தின் படத்தை வெட்டிக் கண்ணாடி ஓரத்தில் செருகிவிட்டாள். காலையில் பல் விளக்கும்போது அதைப் பார்க்க வேண்டும். "எவ்வளவு லட்சணமா இருக்கு பாருங்க" என்பாள். ஆமாம் என்பேன். "உங்களைவிட லட்சணம்" என்பாள். அதற்கும் ஆமாம் என்பேன். "இது ஜெயிச்சா உங்களுக்குச் சந்தோஷமா இல்லையா?" என்று கரண்டியோடு வந்து நிற்பாள், சந்தோஷம் என்பேன். இப்படியே போய், வியாழக்கிழமை வாக்கில் எனக்கு அந்தக் குதிரை மேல் உண்மையிலேயே ஒரு பாசம் வந்துவிட்டது. பாவம், அது எனக்கு என்ன கெடுதல் செய்தது, அதைப் போய் வாழ்த்தலாமா என்று மனசு உறுத்த ஆரம்பித்தது.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சேணத்துக்கு அடியில் போடுகிற துணியில் ஒரு பை கிழிந்திருக்கிறது என்று மகள் தைக்கக் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஈயத் தகடுகள். ஒன்றிரண்டு இல்லை, இந்தப் பக்கப் பையில் கொஞ்சம், அந்தப் பக்கப் பையில் கொஞ்சம் என்று வரிசையாக இருக்கிறது. எனக்கு ரத்தம் கொதித்தது. அடப்பாவிகளா, எவனோ என் பெண்ணின் குதிரை ஓடக்கூடாது என்று ஈயத்தைக் கட்டிவிட்டிருக்கிறான், இது தூங்குமூஞ்சியாக இல்லாமல் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லாமல் அத்தனையையும் உருவிவிட்டு, பை தொய்யாமல் இருக்கப் பஞ்சை அடைத்து அழகாகத் தைத்துக் கொடுத்துவிட்டேன். ஈயத்தையும் வீணாக்கவில்லை, துணி வெட்டும்போது நகராமல் இருக்க மேலே வைத்துக்கொண்டேன். அருமையான கனம். அதை வைத்துக்கொண்டுதான் ஜாக்கிகளுக்கான சட்டைகளை வெட்டினேன். அந்த வாரம் எனக்கு இரண்டு சட்டை. எந்தக் குதிரைக்காரர் எந்த நிறம் என்று பதிந்து வைத்திருப்பார்கள், ஜாக்கி அந்த நிறத்தில்தான் போட வேண்டும். மின்னல்கொடிக்கு மஞ்சள், என் மகளுக்கு என்பதால் கூலி வாங்கவில்லை. ராஜகம்பீரத்துக்குச் சந்தன நிறம், என் மகளுக்கு இல்லை என்பதால் வாங்கிக்கொண்டேன். இரண்டையும் காகிதத்தில் சுற்றி அந்தந்த லாயத்துக்கு அனுப்பிவிட்டு, ஒரு தகப்பன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக டீ குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு நான், உங்கள் தங்கை, சலூன்காரர் மூவரும் போனோம். ரேஸுக்கு முன்னால் ஜாக்கியைச் சேணத்தோடு தராசில் நிறுத்துவார்கள். என் மகள் ஏறி நின்றாள். முள் ஆடி ஆடி நின்றது. எடை அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "என்னம்மா இது, பாதி ஆளைக் காணோம்?" என்றார். துணியைத் தடவினார். பையைப் பிரித்தார். பஞ்சு வெளியே வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. "இது குதிரைக்கா, தலையணைக்கா?" என்றார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்தி, "சார், சதி நடந்திருக்கு. ஈயத்தை வச்சிருந்தாங்க. நான்தான் கண்டுபிடிச்சு எடுத்தேன்" என்றேன். என் மகள் தராசை விட்டு இறங்காமலே கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு எடை அதிகாரி பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல் எனக்குச் சொன்னார். எல்லாக் குதிரைக்கும் வாய்ப்பு சமமாக இருக்க ஒவ்வொன்றும் இவ்வளவு சுமக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். ஜாக்கி லேசாக இருந்தால் மிச்சத்துக்கு ஈயம் வைப்பார்களாம். அது இல்லாமல் ஓடி முதலில் வந்தாலும் செல்லாதாம். "ஈயம் எங்கப்பா?" என்றாள் மகள். "கட்டிங் மேஜையில இருக்கும்மா, பத்திரமா" என்றேன். பயிற்சியாளர் பக்கத்து லாயத்துக்கு ஓடி, கைகாலில் விழாத குறையாக ஈயம் கடன் வாங்கி வந்து அடைத்தார். அடைத்துவிட்டு என்னிடம் திரும்பி, ரொம்ப மெதுவான குரலில், "டெய்லர், இனி நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ராஜகம்பீரம். அவ்வளவுதான்" என்றார். அவர் குதிரைகளிடம்தான் அவ்வளவு மெதுவாகப் பேசுவார்.

வேலியோரம் போய் நின்றோம். ராஜகம்பீரம், ராஜகம்பீரம் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். உங்கள் தங்கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், வழி தவறினால் கிள்ளுவதற்கு. கூண்டுக் கதவு திறந்தது. தூரத்தில் புழுதி. அந்தப் புழுதிக்குள் நிறங்கள் மட்டும் தெரிகிறது, சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, ஊதா ஒன்று. வளைவு திரும்பும்போது பார்க்கிறேன், மச்சான், எல்லாருக்கும் முன்னால் மஞ்சள். என் கையால் வெட்டி, என் கையால் காலர் வைத்த மஞ்சள். தூங்குமூஞ்சி முதலில் வருகிறது. அதுக்கப்புறம் எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல மச்சான். பயிற்சியாளர் போச்சு, கண்ணாடியில இருந்த படம் போச்சு, ராஜகம்பீரம் போச்சு. வேலி மேல ஏறி நின்னு, "என் பொண்ணு, அது என் பொண்ணு, விடாதே தாயீ, போ, மஞ்சள் போ, மஞ்சள்தான் ஜெயிக்கும்"னு அடிவயித்துல இருந்து கத்தினேன். உங்க தங்கச்சி கிள்ளினா, உறைக்கல. சலூன்காரர் என் காலைப் பிடிச்சு இழுத்தார், அவரையும் சேர்த்துத் தூக்கிட்டுக் கத்தினேன். மனசாரன்னா அப்படி ஒரு மனசார.

சொல்லி வாயை மூடவில்லை. மஞ்சள் தளர்ந்தது. சிவப்பு தாண்டியது, பச்சை தாண்டியது, அப்புறம் யார் யாரோ தாண்டினார்கள். மஞ்சள் பின்னால் பின்னால் போய், கடைசியில் வண்டியைத் தவறவிட்டவன் மாதிரி வந்து சேர்ந்தது. நான் வேலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வாயாலேயே என் பெண்ணின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது. உங்கள் கடையில் கணக்கு எழுதுகிறவளாக அவளை நினைத்துப் பார்த்தேன், மன்னிக்கவும் மச்சான், அழுகை வந்துவிட்டது. அப்போது உங்கள் தங்கை குனிந்து, "ஏங்க, ஒலிபெருக்கியில என்ன சொல்றான்னு கேளுங்க" என்றாள். மூன்றாவது, மின்னல்கொடி என்று சொல்கிறான். எழுந்து பார்க்கிறேன். அங்கே இன்னொரு மஞ்சள். தலையிலிருந்து கால் வரைக்கும் புழுதி பூசிக்கொண்டு, பல் மட்டும் வெள்ளையாக, உங்கள் மருமகள் குதிரை மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

நடந்தது இதுதான். ராஜகம்பீரத்துக்கும் நான் மஞ்சள் துணியிலேயே வெட்டியிருக்கிறேன். நீங்கள் பெயிண்ட் கடைக்காரர், மஞ்சளுக்கும் சந்தனத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். என் கடை டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் அக்கா தங்கை. அவர்கள் ரேஸுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் காகிதத்தைப் பிரித்துப் பார்த்து, வேறு சட்டை இல்லாமல், அதிகாரியிடம் கெஞ்சி அதையே போட்டிருக்கிறார்கள். ஆக, எந்தக் குதிரையை வாழ்த்தக் கூடாது என்று நினைத்தேனோ அதை வாழ்த்துவதாக நினைத்து, எதை வாழ்த்தச் சொன்னார்களோ அதையே மனசார வாழ்த்தித் தொலைத்திருக்கிறேன். பயிற்சியாளர் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "பிரமாதம் டெய்லர், உங்களால முடியும்னு நான் கூட நம்பல, என்ன நடிப்பு" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மகளுக்கு இடம் உறுதியாகிவிட்டது மச்சான். மின்னல்கொடியில் இனி அவள்தான். ஆகவே நீங்கள் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. கடைக்குக் கணக்கு எழுத வேறு நல்ல பிள்ளையாகப் பாருங்கள். நானும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஒரு தடவை டியூப்லைட் காப்பாற்றியது, ஒவ்வொரு தடவையும் காப்பாற்றாது. இனி மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன், எந்தக் குதிரையின் பெயரையும் வாயால் சொல்ல மாட்டேன் என்று என் கத்தரிக்கோல் மேல் சத்தியம் செய்திருக்கிறேன். சனிக்கிழமைப் பயணத்தை ரத்து செய்துவிட்டு, இருந்த இடத்திலிருந்தே உங்கள் மருமகளை ஆசீர்வதியுங்கள், அதுவே எங்களுக்குப் போதும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு, நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், கடை நிறைந்து, நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்த நினைத்து, என் வாழ்த்தின் குணம் ஞாபகம் வந்ததால் அதை உங்கள் தங்கையிடமே விட்டுவிட்டு,

இப்படிக்கு,
உங்கள் அன்பு மறவாத
டெய்லர்.

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் மருமகள் இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "அப்பா, நீங்க யாருக்காகக் கத்தினீங்கன்னு குதிரைக்குத் தெரியுமா? வளைவு வரைக்கும் தூங்கிட்டேதான் வந்துச்சு. உங்க கத்தல் காதுல விழுந்ததும் உடம்பெல்லாம் நடுங்கி எடுத்துச்சு பாருங்க ஓட்டம், நான் விழாம பிடிச்சுக்கிட்டதோட சரி. அது ஜெயிக்க ஓடலப்பா, உங்ககிட்ட இருந்து தப்பிக்க ஓடுச்சு" என்கிறாள். பயிற்சியாளர் நேற்று சோதித்தும் பார்த்துவிட்டாராம். குதிரைக்காரரைக் கத்தச் சொன்னால் கொட்டாவி விட்டதாம், சலூன்காரரைக் கத்தச் சொன்னால் படுத்துக்கொண்டதாம். அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை ரேஸில் நான் வளைவோரம் நின்று கத்தியே ஆக வேண்டும் என்று உத்தரவு. எனக்கோ அன்றைக்குப் போன குரல் இன்னும் வரவில்லை, ஆளுக்கு அளவெல்லாம் சைகையில்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நம் இரண்டு குடும்பத்திலும் என்னைவிடப் பயங்கரமாகக் கத்தக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான் என்று உங்கள் தங்கை சத்தியம் செய்கிறாள். ஆகவே மச்சான், மேலே வர வேண்டாம் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, சனிக்கிழமை முதல் வண்டியிலேயே ஏறிவிடவும். எங்களைத் திட்ட நினைத்திருப்பதில் ஒரு வார்த்தைகூட வழியில் செலவழிக்க வேண்டாம். குதிரை வளைவு திரும்பும்போது கை காட்டுகிறேன், மொத்தத்தையும் அங்கே வைத்துத் திட்டிவிடலாம்.